அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள்

தொண்ணூறுகளின் நடுவில் நான் கள்ளக்குறிச்சியில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தேன். நைனார்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. கரும்பு வெட்டும் காலத்தில் நான் எழுந்திருப்பதற்குள் இருவரும் கிளம்பிப் போயிருப்பார்கள். ஊரில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு எடுக்க ஆள் தேடினார்கள். பத்தாவது வரை படித்தவள் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். வகுப்புக்குப் பெண்களை வரவழைப்பதற்காகத் தெருவில் பாட்டும் நாடகமும் போடுவது வழக்கம். அதில்தான் முதன்முதலாக நடித்தேன். பிறகு வகுப்புகள் நின்றுபோயின. எங்களில் சிலர் மட்டும் நாடகத்தை விடவில்லை.

குழுவை நடத்தியவர் சின்னசேலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்களுக்கும் அவர் வாத்தியார்தான். எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒருவர் பறையோடு வருவார். அவர் முச்சந்தியில் நின்று அடிக்க ஆரம்பித்தால், என்னவோ ஏதோவென்று சனம் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடும். மாவு மில்லில் வேலை பார்த்த ஒருவரும் இன்னும் இரண்டு ஆண்களும் இருந்தார்கள். பெண் நான் ஒருத்திதான். மேடை, விளக்கு, திரை எதுவும் கிடையாது. தரையில் வட்டமாக இடம் விட்டுச் சனம் நிற்கும். அந்த வட்டத்துக்குள் கூலி, சாராயம், டீக்கடையில் தனி கிளாஸ் என்று எங்கள் ஊர்களில் அன்றாடம் நடப்பதை நடித்துக் காட்டுவோம்.

ஒருநாள் வாத்தியார் கச்சிராயபாளையம் சந்தையில் கேட்ட செய்தியோடு வந்தார். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சின்ன ஊர். அங்கே பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணைப் போர்வையில் படுக்கவைத்து, போர்வையைக் கம்பில் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். மழைக்காலம், ஒற்றையடிப் பாதை. வண்டி வரும் ரோட்டை எட்டுவதற்கு முன்பே அவள் செத்துப்போனாள். வயிற்றில் இருந்த பிள்ளையும் போய்விட்டது. சொல்லி முடித்ததும் வாத்தியார், இதை நாம் போட வேண்டும் என்றார்.

நாடகம் சில நாட்களிலேயே உருவாகிவிட்டது. இரண்டு பேர் கம்பைத் தூக்கிக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வருவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் யாராவது குறுக்கே வந்து நிறுத்துவார்கள். ஓட்டுக் கேட்க வருபவர் ஜெயித்ததும் ரோடு போடுவதாகச் சொல்லிப் போர்வைக்குள் இருப்பவளையும் கும்பிடுவார். ஒரு அதிகாரி எந்த எல்லையில் வலி எடுத்தது, காட்டுக்குள்ளா, காட்டுக்கு வெளியிலா என்று விசாரிப்பார். கான்ட்ராக்டர் டேப்பைப் பிடித்துத் தூக்குகிறவர்களின் முதுகை அளப்பார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். கடைசிச் சுற்றில் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். போர்வைக்குள்ளிருந்து என் கை வெளியே சரிந்து தொங்கும். பறை நின்றுவிடும். அவ்வளவுதான் நாடகம்.

வயிற்றுக்காக நானே கடைத் துண்டுத் துணிகளை அடைத்து ஒரு பை தைத்தேன். அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கல்யாணம் ஆகாத பெண் பிள்ளைத்தாச்சி வேஷம் கட்டுவதா, அதுவும் ஆம்பளைகள் தூக்கிக்கொண்டு போவதா என்று சண்டை போட்டாள். எங்கள் ஊரிலேயே நாடகம் போட்ட அன்று கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மறுநாள் காலையில் எனக்குத் தலை வாரிவிடும்போது, "உங்க பெரீம்மா இப்படித்தான் போனா. மாட்டு வண்டில" என்றாள். எனக்கு அப்படி ஒரு பெரியம்மா இருந்ததே அன்றுவரை தெரியாது.

போர்வைக்குள் படுத்திருப்பவளுக்கு வெளியே எதுவும் தெரியாது. துணியில் ஊறி வரும் வெளிச்சம், கம்பு முனகும் சத்தம், தூக்குகிறவர்களின் மூச்சு, வெளியே சனத்தின் சிரிப்பு. அந்தச் சிரிப்பு மெல்லக் கம்மியாகும்போது என் நேரம் வருகிறது என்று தெரிந்துகொள்வேன். எலவனாசூர்கோட்டையிலும், திருக்கோவிலூரில் ஆற்றுக்குப் போகும் தெருவிலும், வழியில் இருந்த கிராமங்களிலும் போட்டோம். முடிந்ததும் பெண்கள் அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். ரோடு கேட்டு எழுதிய மனுவில் கைநாட்டு வைக்க வரிசையில் நிற்பார்கள்.

கச்சிராயபாளையம் சந்தையில் போட்டபோது மலையிலிருந்து கடுக்காய் விற்க வந்திருந்த ஒரு பெரியவர் பார்த்தார். எங்கள் ஊருக்கும் வந்து காட்டுவீர்களா என்று வாத்தியாரிடம் கேட்டார். வாத்தியார் உடனே ஒத்துக்கொண்டார். எந்த ஊர் என்று அந்தப் பெரியவர் பேர் சொன்னார். எங்களுக்கு அது ஒரு ஊர்ப் பேர், அவ்வளவுதான். செத்துப்போன பெண்ணின் ஊர் அதுதான் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வெள்ளிமலை வரை பஸ்ஸில் போய், அதற்கப்பால் நடந்தோம். ஓடை, பாறை, மறுபடி ஓடை. வயிற்றுப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஊர் வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. புல் வேய்ந்த வீடுகள். சரிவில் சாமை அறுத்த தாள் நின்றிருந்தது. கோயில் முன்னால் இருந்த களத்தில் ஊரே வந்து உட்கார்ந்திருந்தது.

எங்கள் நாடகத்துக்கு அங்கே யாரும் சிரிக்கவில்லை. ஓட்டுக் கேட்பவர் வந்தார், அதிகாரி வந்தார், கான்ட்ராக்டர் வந்தார். எந்த இடத்திலும் ஒரு சத்தமும் இல்லை. போர்வைக்குள் எனக்குப் பயமாக இருந்தது. பாஷை புரியாத ஊருக்கு வந்துவிட்டது போல இருந்தது. சிரிப்பு அடங்குவதை வைத்துத்தான் நான் கையை விடுவேன். அன்று தூக்குகிறவர்களின் அடியை எண்ணிக்கொண்டு ஒரு குத்துமதிப்பாகக் கையை வெளியே சரிய விட்டேன். பறை நின்றது.

வழக்கமாக அதன்பிறகு எங்கள் ஆட்களே போர்வையை இறக்குவார்கள். அன்று வேறு யாரோ வந்து என் தலைமாட்டில் கம்பை வாங்கியது தெரிந்தது. மெல்ல, ஒரு குலுங்கல் இல்லாமல், என்னைத் தரையில் இறக்கினார்கள். தொங்கிக்கொண்டிருந்த என் கையை ஒருவர் எடுத்துப் போர்வைக்குள் வைத்து, துணியை இழுத்து மூடினார். கரடுமுரடான, சூடான கை. நான் கண்ணைத் திறக்கவில்லை. அது செத்துப்போனவளுடைய புருஷன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

யாரோ ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போர்வையை விலக்கி, ஈரத் துணியால் என் முகத்தைத் துடைத்தாள். "எழுந்து உக்காரும்மா. நீ எழுந்து உக்காந்தாதான் நாங்க சோறு துன்ன முடியும்" என்றாள். எழுந்து உட்கார்ந்தேன். அவள் முகத்தில் கண்ணீர் இல்லை. சாமைச் சோறும் அவரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அழைத்து வந்த பெரியவர் அப்போதுதான் வாத்தியாரிடம் சொன்னார். இந்த அம்மாவின் மகள்தான் அவள். களத்தில் வந்து கம்பை வாங்கியது மருமகன்.

வாத்தியார் இடிந்துபோய் உட்கார்ந்தார். பிறகு அவர்களிடம் போய், தெரியாமல் வந்துவிட்டோம் என்றார். அந்த மருமகனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒல்லியான மனிதர், பேசும்போது தரையைப் பார்த்தே பேசுவார். நாங்கள் வந்ததில் வருத்தம் இல்லை என்றார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கீழ போட்டா நடந்தது நடந்தபடி போடுங்க சார். இங்க போட்டா மட்டும் அவள ஆஸ்பத்திரில சேத்துடுங்க."

வாத்தியார் தயங்கினார். உண்மையைக் காட்டத்தானே இந்த நாடகம், ஊருக்கு ஒரு முடிவு வைத்தால் அது சரியாக இருக்குமா என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"நடந்தது எங்களுக்குத் தெரியும்ங்க. கீழ கீறவங்களுக்குத்தான் தெரியாது" என்றார் அவர்.

மறுநாள் காலை நாங்கள் கிளம்பியபோது அவரும் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கூடவே நடக்க ஆரம்பித்தார். எங்கே வருகிறீர்கள் என்று மாவு மில்காரர் கேட்டதற்கு, கம்பு தூக்க என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கோடை முழுவதும் அவர் எங்களோடு வந்தார். தலைமாட்டுப் பக்கம் அவர், கால்மாட்டில் மாவு மில்காரர். அவருக்கு வசனம் எதுவும் கொடுக்கவில்லை. அவர் யார் என்று கூட்டத்தில் சொல்லலாமா என்று வாத்தியார் ஒருமுறை கேட்டபோது, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். நாடகம் இல்லாத நாட்களில் வாத்தியார் வீட்டில் தங்கிக்கொண்டு கிடைத்த கூலி வேலைக்குப் போவார். என்னிடம் அதிகம் பேசமாட்டார். டீ குடிக்கும்போது, "இன்னா தங்கச்சி, சாப்ட்டியா" என்பார். அதோடு சரி.

ஆனால் கம்பைத் தூக்கியதும் பேசுவார். முதலில் எனக்கு அது மூச்சு வாங்கும் சத்தம் என்றுதான் பட்டது. பிறகு ஒருநாள் காதில் தெளிவாக விழுந்தது. வெளியே சனம் சிரித்துக்கொண்டிருந்தது. பறை அதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில் போர்வைக்குள் இருக்கும் எனக்கு மட்டும் கேட்கும்படி அவர் சொல்லிக்கொண்டே நடந்தார். "தோ வந்துட்டம். இன்னும் கொஞ்சந்தான். கண்ண மூடாத. நான் பேசிக்கினுதான கீறன், கேட்டுக்கினே வா."

மலைப் பாதையில் அவளிடம் சொன்னதைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. அன்று கையை வெளியே விட என்னால் முடியவில்லை. ஒரு சுற்று கூடுதலாகப் போய்விட்டது. பறைக்காரர் சமாளித்து அடித்தார். இரண்டாம் முறை அந்த இடம் வந்தபோது விட்டேன். கை சரிந்ததும் அவர் பேச்சு நின்றது. ஒவ்வொரு ஊரிலும் அப்படித்தான். ஒவ்வொரு ஊரிலும் அவர் அவளிடம் பேசிக்கொண்டே வருவார். ஒவ்வொரு ஊரிலும் நான் கையை விடுவேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டு வருவார். அந்த முகத்தைப் பார்க்கக்கூடாது என்று நான் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

கள்ளக்குறிச்சியில் கடைசியாகப் போட்டோம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நல்ல கூட்டம். சந்தைக்கு வந்தவர்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், ஆட்டோக்காரர்கள். கடைசிச் சுற்று வந்தது. நான் கையை விட்டேன். பறை நின்றது. ஆனால் கம்பு இறங்கவில்லை. அவர் நடந்துகொண்டே இருந்தார். பின்னால் மாவு மில்காரர், "அண்ண, நில்லு, முடிஞ்சிடுச்சு" என்று தணிந்த குரலில் சொல்வது கேட்டது. அவர் நிற்கவில்லை. கூட்டம் வழிவிட்டிருக்க வேண்டும். பஸ் ஹாரன் பக்கத்தில் கேட்டது. பழக்கடை வாசனை வந்து போனது. வட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டோம் என்று தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அவர் மறுபடி பேச ஆரம்பித்திருந்தார். "வந்துட்டம். தோ, ரோடு வந்துடுச்சு. இனிமே பயமில்ல."

பின்னால் சனமும் வருகிறது என்பது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. யாரும் கோஷம் போடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிழல் விழும் இடத்தில் என்னை இறக்கினார். உள்ளேயிருந்து ஒரு நர்ஸம்மா ஓடி வந்து குனிந்து என் வயிற்றில் கை வைத்தார். துணிப் பொதி என்று தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. இதுவா விளையாட்டு என்று கேட்க வாயைத் திறந்தவர், தலைமாட்டில் நின்றவரைப் பார்த்தார். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். வாத்தியார் நர்ஸம்மாவிடம் ரெண்டு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார். நர்ஸம்மா தலைமாட்டில் நின்றவரைக் கைப்பிடித்து அழைத்துப் போய் பெஞ்சில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார். வெளியே கூட்டம் அப்படியே நின்றது. பிரசவத்துக்கு வந்திருந்த பெண்களின் ஆட்கள் சிலர் அழுதார்கள்.

அந்த ஊர்வலம் பேப்பரில் வந்தது. சின்னச் செய்திதான். இரண்டு வாரம் கழித்து மேலதிகாரி ஒருவர் வாத்தியாரைக் கூப்பிட்டு மனுவை வாங்கிக்கொண்டார். அந்தப் பாதையை அளக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார். நாங்கள் சந்தோஷப்பட்டோம். வாத்தியார் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். மலையிலிருந்து வந்தவர் மட்டும் சாப்பிடவில்லை. ஊருக்குப் போகிறேன் என்றார். அடுத்த நாடகத்துக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டோம்.

"அவள சேத்துட்டன்ங்க. இனிமே தூக்க மாட்டன்" என்றார்.

அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

அளக்க ஆட்கள் மலைக்குப் போய் வந்த பிறகு, சாமை அறுப்பு முடிந்த சமயத்தில், அந்த ஊரிலிருந்து மறுபடி எங்களைக் கூப்பிட்டார்கள். போனோம். அவர் குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டபடி முடிவை மாற்றி வைத்திருந்தோம். கடைசிச் சுற்று முடிந்ததும் போர்வை ஆஸ்பத்திரியில் இறங்கும். நர்ஸ் வேஷத்தில் ஒருவர் வருவார். நான் கையில் பிள்ளையோடு எழுந்து நிற்பேன். பிள்ளை என்பது என் கடையிலிருந்து கொண்டுவந்த துணிகளைச் சுருட்டிக் கட்டியது.

இந்தமுறை முதலிலிருந்தே சிரித்தார்கள். கான்ட்ராக்டர் முதுகை அளக்கும்போது ஒரு கிழவர் எழுந்து நின்று சிரித்தார். நான் பிள்ளையோடு எழுந்து நின்றதும் பெண்கள் குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் வேறொரு சத்தம் கேட்டது. அந்த அம்மாதான். மகள் செத்ததை நாங்கள் நடித்துக் காட்டியபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்துப் பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் அழ ஆரம்பித்தார்கள். குலவை எங்கே நின்றது, அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. பறைக்காரர் பறையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அழுகை ஓய்ந்ததும் அந்த அம்மா என்னிடம் வந்து பிள்ளையைக் கொடு என்பது போலக் கையை நீட்டினாள். கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் கிளம்பும் நேரம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு கட்டை அவிழ்த்து, துணிகளை ஒவ்வொன்றாகத் தொடையில் வைத்து நீவி மடித்து, அடுக்கி என் கையில் கொடுத்தாள். "கடத் துணி ஆச்சே, கொறஞ்சிதுன்னா கேப்பாங்க" என்றாள்.

அந்த நாடகத்தை அதன்பிறகு நாங்கள் எங்கேயும் போடவில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கம்பை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. வேறு நாடகங்கள் போட்டோம். எனக்குக் கல்யாணம் ஆனது. கள்ளக்குறிச்சியிலேயே சின்னதாகத் தையல் கடை வைத்தேன். என் பிரசவம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நடந்தது. வலியில் கிடந்தபோது என் காதில் கேட்ட குரல் யாருடையது என்று என் வீட்டுக்காரரிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை. வாத்தியார் சில வருஷங்களில் மாரடைப்பில் போய்விட்டார். அதோடு குழு கலைந்தது.

அளந்துவிட்டுப் போன ரோடு உடனே வரவில்லை. தேர்தல் வந்தது, போனது. காட்டு இலாகா குறுக்கே வந்தது. மலைச் சனம் மறுபடி மறுபடி இறங்கி வந்து ரோடு கேட்டு ஆபீஸ் வாசலில் தரையில் உட்கார்ந்தார்கள். அவர்களோடு வேறு பல பேர் உட்கார்ந்தார்கள். முதலில் மண் ரோடு, வெகுகாலம் கழித்துத் தார். எங்கள் நாடகத்தால்தானா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எங்களாலும் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ரோடு வருவதற்குள் அதே பாதையில் இன்னும் சிலரைப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு யாரும் நாடகம் போடவில்லை.

தார் போட்ட பிறகு ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைக்க அளவெடுக்கும் வேலை. மினி பஸ்ஸில் போய் இறங்கி நடந்தபோது, ரோட்டுக்குக் கீழே பழைய பாதையில் தலையில் விறகோடு அந்த அம்மா போய்க்கொண்டிருந்தாள். நன்றாகக் கூன் விழுந்திருந்தது. கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்து, அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாள். மருமகன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். குடகிலேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இருக்கிறான், இரண்டு பிள்ளைகள், நன்றாக இருக்கட்டும் என்றாள். மனசிலிருந்துதான் சொன்னாள்.

ரோட்டிலேயே போகலாமே அம்மா, ஏன் இந்தப் பாதையில் கஷ்டப்படுகிறீர்கள் என்றேன்.

"ரோடு நல்லாதாம்மா கீது. எல்லாரும் போறாங்க. நான் இதுலயே போறன்."

நானும் இறங்கி அவள் பின்னால் நடந்தேன். பாதையில் ஆள் புழக்கம் இல்லாமல் இரண்டு பக்கமும் புதர் மூடியிருந்தது. ஓடைக்கு முந்திய ஒரு வளைவில், பெரிய பாறைக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். விறகை இறக்காமலே அந்த இடத்தைப் பார்த்தாள். "இங்கதாம்மா எறக்கி வெச்சாங்க" என்றாள்.

எங்கள் நாடகத்தில் அந்த இடத்துக்கு அடையாளம் எதுவும் கிடையாது. தெருவில் எங்கே நின்றோமோ அதுதான் இடம். இங்கே பாறை இருந்தது. பாறை ஓரத்தில் தண்ணீர் கசிந்து பாசி பிடித்திருந்தது. மேலே ரோட்டில் ஒரு வண்டி கியர் மாற்றி ஏறிப் போகும் சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறையும்வரை இருவரும் நின்றோம். பிறகு அவள், வழுக்கும், பார்த்து வா என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.